டம்ளருக்குள் நிற்கும் கடை

அக்கா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. தாத்தாவும் அங்கேதான் இருப்பார். அவர் வாயில் எதுவும் நிற்காது, அப்பாவின் கனவில் வந்து உளறிவிடுவார்.

வீடு முழுக்க நன்னாரி சர்பத் வாசம். சிங்கப்பூர் மாமா கொண்டுபோக அப்பா காய்ச்சியிருக்கிறார். அந்த வாசம் வந்தாலே நீ வந்துவிடுகிறாய். நான் தூங்கிவிட்டதாக நினைத்து இருவரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

நம் திருமங்கலம் ஜிகர்தண்டா கடையை சிங்கப்பூரிலும் திறக்கப் போகிறார்கள். இருவர் பெயரிலும் கூட்டு வியாபாரமாம். நாளைக் காலையில் மாரியம்மன் கோயிலில் தாம்பூலம் மாற்றிவிட்டால் அப்பா பிறகு மாறமாட்டார்.

போன வருடம் இந்தப் பேச்சு முதலில் வந்தபோது நீ பி.காம். கடைசி வருடம். "கூட்டு வேணாம்ப்பா, பிரைவேட் லிமிடெட் கம்பெனியாப் போடுங்க" என்றாய்.

"பங்காளிகிட்டத்தான்டி பத்திரம் பேசணும். மாப்ளைக்கும் எனக்கும் நடுவுல கம்பெனி எதுக்கு?"

நீ ஒரு கரண்டி ஐஸ்கிரீமைக் கடை மேசையிலேயே கொட்டினாய். அது உருகி, விளிம்பு தாண்டி, அப்பாவின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

"இதுதாம்ப்பா கூட்டு. மாமா மேல சந்தேகமில்ல. கடை நட்டமானா கடன் நம்ம வீடு வரைக்கும் வழியும்." அடுத்த கரண்டியை டம்ளரில் போட்டாய். "இது கம்பெனி. உருகுனாலும் உள்ளயே கெடக்கும்."

"ஒன் படிப்புக்கு என் வேட்டிதான் கெடச்சுச்சா?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கம்பெனியை நான் குடித்து முடித்திருந்தேன்.

இன்று சாயங்காலம் மாமா முன்னால், "அக்கா சொன்ன மாதிரி..." என்று ஆரம்பித்தேன். அம்மா கண்ணாலேயே அடக்கினாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நீ போனபிறகு உன் பேச்சை இங்கே யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் மறுபடி வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக் கதவு நிலையில்தானே நம் உயரத்தைக் கோடு போட்டு வைத்தோம்? உன் கோட்டை நான் இன்னும் எட்டவில்லை. அதுவரைக்கும் எந்தக் கடனும் வழிந்து வரக்கூடாது.

அந்த எவர்சில்வர் டம்ளரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் எப்படியாவது

கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா, முழிச்சுத்தான இருக்க? ஒங்கக்கா டம்ளர வச்சு ஒண்ணு காட்டுனாளே, எனக்கு மாமாவுக்குச் சொல்லத் தெரியல. வாத்தா. பழைய வேட்டிதான் கட்டியிருக்கேன், தைரியமா வா."

அப்பாதான், அக்கா. டம்ளரை எடுத்துக்கொண்டு