முன்கதவு போன இடம்

படுவான்கரை
மார்கழி 1991

சுவிஸ் நாட்டில் சீவிக்கும் அன்பு மருமகன் வினாயகமூர்த்திக்கு மாமா கோணாமலை எழுதுவது. நான் நலம். உன் நலத்தைக் கண்ணகை அம்மனிடம் பாரம் கொடுத்திருக்கிறேன்.

பதறாமல் வாசி. அக்கா, அதுதான் உன் அம்மா, வாவிக்கு அக்கரை ஆசுபத்திரியில் இருக்கிறா. வயல் வட்டைக்குள் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றபோது ஷெல் விழுந்து, ஒரு துண்டு தொடையில் ஏறிவிட்டது. இப்போது உயிருக்கு மோசமில்லை. சோறு தின்கிறா, என்னை ஏசுகிறா. அந்தச் சத்தம் இங்கே இக்கரைக்கே கேட்கிறது.

அன்றைக்குத் தூக்கிப்போக ஒன்றும் இல்லை. நான் ஒரே இழுப்பில் வீட்டு முன்கதவைக் கழற்றினேன். எட்டுப் பேர் தூக்கும் முதிரை மரக் கதவு. நானும் பக்கத்து வீட்டு நல்லரத்தினமும் தூக்கினோம். அவன் சும்மா தொட்டுக்கொண்டுதான் வந்தான். அக்காவை அதில் கிடத்தித் தோணியில் ஏற்றி, நான் கம்பு ஊன்றிய வேகத்தில் வாவி முதலையெல்லாம் வழிவிட்டு ஒதுங்கின.

போய்ச் சேரப் பொழுதுபட்டு மம்மல் நேரம். ஆசுபத்திரியில் கரண்ட் இல்லை. ஆனால் வெட்டுகிற அறையில் பகல் மாதிரி வெளிச்சம். கடைக்காரப் பாறூக் காக்கா தன் பெற்றோல்மாக்ஸ் விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் துண்டை எடுத்துத் தைத்து முடிக்கும்வரை அந்தக் கை ஆடவில்லை. எங்கே தைப்பது என்று நான்தான் டாக்டருக்குக் காட்டிக் கொடுத்தேன்.

கடையை இருட்டில் போட்டுவிட்டு விளக்கை ஏன் இங்கே கொடுத்தீர் என்று காக்காவிடம் கேட்டேன். போன வருசம் அவர் பெண்சாதி கைறுன்னிஸா அதே அறையில் பிள்ளைப்பேற்றில் கண்ணை மூடினாவாம். நேர்ஸ் மிஸ்ஸின் டோச் லைற்றும் அணைந்துவிட்டதாம்.

"அவ போகக்குள்ள இருட்டு, கோணாமலை. முகத்தக்கூடக் காணல்ல. இன்னொருத்தருக்கு அப்பிடி வரப்படாது."

அதற்குப் பிறகுதான் நோயாளர் வாட்டைச் சுற்றிப் பார்த்தேன். பாய்கள் எமிலி ரீச்சர் கொடுத்தவை. அவவின் மகன் முன்பு இங்கே பாயில்லாமல் வெறும் சீமெந்தில் கிடந்தவன். கிணற்று வாளி, தகப்பனுக்குத் தண்ணீர் அள்ள ஏனமில்லாமல் ஓடித்திரிந்த ஒருவன் கொண்டுவந்து வைத்தது. அவரவர் நாளில் எது இல்லாமற் போனதோ, அதையே கொடுத்திருக்கிறார்கள். கோயில் திருக்கதவு திறக்கும்போதுகூட எனக்கு மேல் இப்படிச் சிலிர்த்ததில்லை.

மறுநாள் கதவை எடுக்கப் போனேன். அதில் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கிடத்தி ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். பிறகு கதவைக் கேட்க வாய் வரவில்லை. என் சீவியத்தில் வாய் வராத நாள் அது ஒன்றுதான். இப்போது மிஸ்மார், கோணாமலையைக் கொண்டு வாருங்கள் என்று கத்தினால் கதவு வருகிறது. டாக்டருக்குக்கூட அந்தப் பேர் இல்லை.

அக்கா நடப்பதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்கிறார் இல்லை. நான் நடத்திக் காட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏசி முடிந்ததும் அவ கேட்பது உன்னைத்தான்.

நம் வீட்டு வாசலில் சாக்குத்தான் தொங்குகிறது. பாதை திறக்கிற நாளில் வா, மருமகன். எந்தச் சாமத்தில் வந்தாலும் தட்டத் தேவையில்லை.

அம்மன் உன்னைக் காக்கட்டும்.

உன் தாய்மாமன்
கோணாமலை