இடையில் நின்ற பெரியக்காவுக்கு

என் பெரியக்கா,

விளக்கு வைத்துத் தேவாரம் பாடி முடித்த கையோடு எழுதுகிறேன். வட்டக்கச்சியில் இன்று வானம் மப்பாகக் கிடக்கிறது. மல்லாவியிலும் அப்படித்தானா? அதைச் சொல்ல உங்கள் வீட்டில் இப்போது அத்தான் மட்டும்தான். அவர் சொல்ல மாட்டார்.

நீங்கள் போன பிறகு அவர் ஒருவரோடும் கதைப்பதில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. பக்கத்து வளவில் கொடுக்கிற சோற்றைத் தின்கிறாரா, நாய்க்கு வைக்கிறாரா, யாருக்குத் தெரியும்? நான் அவருக்குப் போன் எடுத்தால் ஒருதரம் அடிக்கவிட்டு வெட்டிவிடுகிறார். அவரிலும் பிழையில்லை. காலையில் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் 'நாங்கள் சுகம்' என்று அர்த்தம், அதை எடுக்கக் கூடாது என்று நாம் இருவரும்தானே பழக்கி வைத்தோம்? இப்போது அவர் வெட்டும்போது சுகம் என்கிறாரா, என்னை விடு என்கிறாரா?

கோயில் மாதர் சங்கத்துக்கு நான் செய்த செயலி நினைவிருக்கிறதா? மாலை கட்டுகிற முறை யாருடையது, யார் மோதகம் அவிப்பது என்று பார்ப்பதற்கு. காணொளிகளைப் பார்த்துப் பார்த்து இணையப் பக்கமாகச் செய்து, அதைச் செயலி என்கிற ஓர் உறைக்குள் போட்டு, எல்லாக் கைபேசிகளிலும் ஓட வைத்தேன். நீங்கள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"எழுத்தெல்லாம் கலங்குதடி. சீனி வருத்தம் கண்ணில ஏறிப்போச்சு. உதுக்குள்ள கதைக்கிற மாதிரி ஒண்டு போடன்."

அந்த வேலை பாதியில் நிற்க, மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தபோது உங்கள் கைபேசி சார்ஜில் கிடந்தது. அத்தான்தான் போட்டு வைத்திருந்தார். யார் அழைப்பார்கள் என்று? நான் ஒன்றும் கேட்காமல் அதில் செயலியை ஏற்றிவிட்டு வந்தேன்.

கதைக்கிற பகுதியை மறுபடி தொடங்கியதும் என் வீட்டுக்காரருக்கு ஒரே பகிடி. "போன் எண்டு ஒண்டு ஏற்கெனவே கண்டுபிடிச்சிட்டாங்களெல்லோ? நீர் என்னத்துக்கு இன்னொருக்காக் கண்டுபிடிக்கிறீர்?"

"அதை அத்தான் எடுக்கிறாரில்லையே. இதில சத்தத்தை மாத்தலாம்" என்றேன்.

எங்கள் பிள்ளையார் கோயில் பூசை மணியைப் பதிந்து, அதையே அழைப்பு மணியாக வைத்தேன். மணிச் சத்தம் கேட்டால் காய்ச்சலோடு படுத்திருந்தாலும் எழும்பிக் கும்பிடுகிற மனிதர். அதை அவரால் வெட்ட முடியுமா?

முதலில் இவருடைய கைபேசிக்கு அழைத்துப் பார்த்தேன்; மணி அடித்தது, குரல் வரவில்லை. உள்ளே இருக்கிற பக்கம் ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்டால் போதாதாம், வெளியே இருக்கிற உறையும் கேட்க வேண்டுமாம். திருத்தினேன். வீட்டுக்குள் இரண்டு கைபேசிகளும் நேருக்கு நேர் பேசின. இவர் ஒன்றை வயலுக்குக் கொண்டுபோனதும் மறுபடி ஊமை. சங்கக் கணக்குப் பார்க்கிற மாதிரி வரிவரியாகப் பார்த்தேன். ஒரு வரியிலும் பிழையில்லை.

பிறகுதான் விளங்கியது. ஒரே வீட்டு இணைப்பில் இருக்கும்வரை அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும். வேறு வேறு இடத்துக்குப் போனால் ஒவ்வொன்றும் தன்தன் வேலிக்குப் பின்னால் நின்றுவிடும். மணி போய்ச் சேரும், குரல் சேராது. அப்போது இரண்டுக்கும் எட்டுகிற இடத்தில் இன்னொரு கணினி நின்று, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் கடத்த வேண்டும்.

அதை வாசித்ததும் மடிக்கணினியை மூடிவிட்டேன், அக்கா. அத்தானும் நானும் என்றைக்காவது நேரே கதைத்திருக்கிறோமா? நீங்கள் போனைக் காதில் வைத்திருக்க, அவர் பின்னால் கதிரையில் இருந்தபடி உங்களைக் கூப்பிட்டு, "இஞ்சேரும், தங்கச்சியிட்டைச் சொல்லும், வயலில அரிவு வெட்டு முடிஞ்சுதெண்டு" என்பார். எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் நீங்கள் திருப்பிச் சொல்லும்வரை பார்த்திருப்பேன். மறுமொழியையும் உங்களிடம்தான் சொல்வேன்.

நடுவில் நிற்க ஒரு கணினியை ஒழுங்கு செய்து, பக்கத்து வளவுக்காரரைக் கொண்டு உங்கள் கைபேசியிலும் செயலியைப் புதுப்பித்து அனுமதி கொடுக்கவைத்தேன். நேற்றுக் காலை பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அழைத்தேன். கனநேரம் அடித்தது. எடுத்தார். மூச்சுக் கேட்டது. முற்றத்தில் உங்கள் கோழிகள் கேட்டன.

"அத்தான், நான். சாப்பிட்டீங்களோ?"

அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இணைப்பு இருந்தது. உங்கள் கைபேசி என்பதால் 'பெரியக்கா' என்ற பெயரும் இருந்தது.

பிறகு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிச் சொல்வதுபோல, தூரமாக ஒரு குரல்.

"இஞ்சேரும், தங்கச்சியிட்டைச் சொல்லும். ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை எண்டு."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் கொஞ்சம் பார்த்திருந்தேன், அக்கா. பழக்கதோஷம்.

"அக்கா சொல்லிப்போட்டா, அத்தான்" என்றேன். "நாங்கள் வாறம்."

இவர் பகிடி ஒன்றும் விடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோனோம். அத்தான் பாதி சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. நேரே இருக்கும்போது எங்களுக்கு நடுவில் யாரை நிறுத்துவது? அதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் இதைச் செய்வேன். அந்தக் கைபேசிக்கு இருக்கிற உங்கள் பெயரை மாற்ற மாட்டேன். ஒவ்வொரு காலையும் விளக்கு வைத்ததும் மணி அடிப்பேன். அவர் உங்களிடம் சொல்லட்டும். நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும்,
உங்கள் தங்கச்சி