மன்னிக்க ஆள் தேவை

8 மே 1972, தாம்பரம்

இன்று மீன் தின்னக் கற்றுக்கொடுத்தார்கள்.

சட்டக் கல்லூரிக்குப் போகுமுன் எங்கள் ஆறு பேரையும் தயார் செய்கிற கோடைப் பயிற்சியில் இது இரண்டாவது வாரம். பயிற்சியை நடத்தும் சங்கத்தின் செயலர் சுவிசேஷமுத்து ஐயாவின் மனைவி, வறுத்த சங்கரா மீன் ஒன்றைத் தட்டில் வைத்து, இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கத்தி என்று பிடித்துக் காட்டினார். தலையைத் தொடக்கூடாதாம். ஓரமாக ஒதுக்கி வைத்துவிட வேண்டுமாம். பனையூர்க் குப்பத்தில் பிறந்து இருபத்தொரு வருஷமாக மீன் தின்கிற எனக்கு, எது ருசியோ அதை ஒதுக்குவதுதான் நாகரிகம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஜெயவேலு கத்தியைப் பிடித்த பிடியைப் பார்த்து அம்மையார் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வக்கீலுங்களுக்கு டின்னர் பார்ட்டி நிறைய இருக்கும்மா, சுப்புலட்சுமி" என்றார்.

நடுநடுவே வழக்கும் இருக்கும் அல்லவா? கேட்கவில்லை. மீனைச் சாப்பிட்டேன். தலையையும்தான், அவர் திரும்பியபோது.

11 மே

பல் துலக்கும் முறை. படம் போட்டு விளக்கினார்கள். எல்லோரும் பட்டதாரிகள்.

15 மே

தண்டனைச் சட்டப் புத்தகம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பூட்டு போட்டிருக்கிறது. சாவி கேட்டதற்கு, "புதுசும்மா, அழுக்காயிடும்" என்றார் செயலர்.

இன்னொரு சேதியும் தெரிந்தது. இந்தப் பயிற்சிக்குப் பணம் ஜெர்மனியிலிருந்து வருகிறது, சட்டம் படிக்கப்போகும் பழங்குடி மாணவர்களுக்கு என்று. பட்டம் வாங்கிய பழங்குடியைத் தேடிச் செயலர் ஜீப்பில் அலையாத இடம் இல்லை. ஊரப்பாக்கத்துக்கு அப்பால் இருளர் குடியிருப்பில் ஜெயவேலு ஒருவர்தான் அகப்பட்டார். ஆறு பேருக்குப் பணம் வந்தாயிற்று, திருப்பி அனுப்ப மனசு வருமா? மிச்ச ஐந்து இடத்தில் எங்களைப் போட்டு நிரப்பிவிட்டார். ஜெர்மனிக்குப் போன அறிக்கையில் நான் 'கடற்கரைப் பழங்குடி'. பல்லாவரத்தில் தோல் பதனிடுகிறவர் மகன் லோகநாதன் 'சமவெளிப் பழங்குடி'.

"அப்ப நான் இன்னா?" என்றார் ஜெயவேலு.

"நீங்க அசல். நாங்க கலப்படம்."

சிரித்தோம். ஆனாலும் எனக்கு இதைக் கிளற மனமில்லை, அதையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். பயிற்சி முடியும்போது மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும்வரை விடுதிச் செலவை இவர்களே கட்டுவார்கள். அது கிடைத்தால் நான் வக்கீல். கிடைக்காவிட்டால் பனையூர். பாரிமுனைக் கல்லூரியில் வகுப்பு முடிந்து தினமும் வீடு திரும்ப முடியாது. திருவான்மியூரோடு பஸ் நின்றுவிடும், அதற்கு மேல் மணல்தான். கிளம்பும்போது அண்ணன் துலுக்காணம் தெளிவாகவே சொல்லிவிட்டது: "ஆஸ்டலுக்கு நீ வழி பண்ணிக்கினா போ. இல்லாங்காட்டி என்னாண்ட கேக்காத. கடல்ல இன்னா கீது இப்போ?"

ஆகவே நான் கடற்கரைப் பழங்குடி. இருந்துவிட்டுப் போகிறேன்.

24 மே

கடைசி நாளன்று ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். அவர் முன்னால் நாங்கள் மாதிரி நீதிமன்றம் நடத்த வேண்டும். கேட்டதும் எனக்குத் தூக்கமே வரவில்லை. அரசுத் தரப்பா, எதிர்த் தரப்பா, எது கிடைத்தாலும் சரி என்று மனசுக்குள் வாதம் செய்துகொண்டே இருந்தேன்.

இன்று வேஷம் பிரித்தார்கள். பண்ணையார் வீட்டுக் கோழியைத் திருடிய பழங்குடி — ஜெயவேலு. அதைப் பார்த்த மீன்காரி — நான். கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி — லோகநாதன். மற்ற மூவரும் ஊர் ஜனம். இரண்டு வக்கீல்களும்? செயலரின் அக்கா மகன் சுந்தர்சிங்கும் அவருடைய சிநேகிதரும். இருவரும் ஏற்கெனவே சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள்.

"அவங்களுக்கு இங்கிலீஷ் சரளமா வருது. உங்களுக்கெல்லாம் நேச்சுரலா வர்றதைக் கொடுத்திருக்கேன்" என்றார் செயலர்.

கதையின் முடிவையும் அவரே எழுதிவிட்டார். திருடன் குற்றத்தை ஒப்புக்கொள்வான், தண்டனை கிடைக்கும், உடனே ஜெர்மன் அம்மாள் எழுந்து மன்னிப்பைப் பற்றிப் பேசுவார். பேச்சு அங்கிருந்தே அச்சாகி வந்துவிட்டது.

2 ஜூன்

ஒத்திகை. சாட்சி சொல்லி முடித்ததும் நான் அழுகிற அழுகை போதாதாம்.

10 ஜூன்

எப்படி எழுதுவது இதை.

நீதிபதி ஆசனத்தில் ஓய்வுபெற்ற முன்சீப் அசரியா உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் ஜெர்மன் அம்மாள், பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஞானஜோதி மிஸ். லோகநாதன் என் பேரைக் கூப்பிட்டான். தலையில் காலிக் கூடையோடு கூண்டில் ஏறினேன். சுந்தர்சிங் கறுப்பு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"ஏய், இவன் ஓடினதை நீ பார்த்தியா?"

எழுதிக்கொடுத்த தாளில் 'ஏய்' கிடையாது. விரலும் கிடையாது.

"பார்த்தேன். ஓடினாரு" என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டால், பதில் சொன்னவருக்கு ஒரு கேள்வி பாக்கி. அவர் திருப்பிக் கேட்பார், இவர் சொல்லியே ஆகவேண்டும். அங்கே பெண்களைக் கூப்பிட மாட்டார்கள் என்றாலும், வலைக்குப் பின்னால் நின்று சின்ன வயதிலிருந்து கேட்டது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆத்திரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"கோழி யாரோடது?"

சுந்தர்சிங் பாவம், மரியாதையாகப் பதில் சொன்னார். "பண்ணையாரோடது."

"காணோம்னு அவரு சொன்னாரா?"

"சொல்லியிருப்பார்."

"இருந்தா வந்து சொல்லட்டும். எங்க கீறாரு?"

அவர் தன் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். "அந்த வேஷத்துக்கு ஆள் போடலை" என்றார் சுந்தர்சிங், கோர்ட்டில், எல்லோரும் கேட்கும்படி.

உண்மைதான். கோழி பறிகொடுத்தவராக நிற்க எங்களில் யாருக்கும் பண்ணையார் களை இல்லை என்று அந்த வேஷத்தை விட்டேவிட்டார்கள். முன்சீப் அசரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை நேரம் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். "புகார்தாரரே இல்லை. வழக்கு தள்ளுபடி. எதிரி விடுதலை" என்று சுத்தியலைத் தட்டிவிட்டு, காபி வந்ததா என்று விசாரித்தார்.

ஊர் ஜனமாக நின்ற மூன்று பேரும் விசில் அடித்தார்கள். ஒப்புக்கொள்ளக் கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்த ஜெயவேலு, இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் கூண்டிலேயே நின்றார்.

இப்போது மன்னிக்க ஆளில்லை. ஆனால் பேச்சு அச்சாகிவிட்டது. ஜெர்மன் அம்மாள் எழுந்து முழுவதையும் படித்தார். பிறகு விடுதலையான ஜெயவேலுவை மேடைக்கு அழைத்து, இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, கோழி திருடியதற்காக அவரை மன்னித்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நல்ல மனுஷி. போட்டோவும் எடுத்தார்கள்.

11 ஜூன்

செயலர் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"உன்னை யாரும்மா கேள்வி கேட்கச் சொன்னது? சாட்சின்னா கேட்டதுக்குப் பதில் சொல்லணும், அவ்வளவுதான். இந்த வாயை வெச்சுக்கிட்டு நீ எப்படி வக்கீலாவே?"

விடுதிச் செலவு ஜெயவேலுவுக்கு. அது நியாயம், அதில் எனக்குச் சந்தோஷம். இரண்டாவது, டவாலியாக வாய் திறக்காமல் நின்ற லோகநாதனுக்கு. மூன்றாவது சுந்தர்சிங்குக்கு. அவர் எந்தப் பழங்குடி என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டுத்தானே இந்தக் கதி.

போச்சு. எல்லாம் போச்சு. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கினு நின்னிருக்கக் கூடாதா நானு? அழுதுட்டு கூடையைத் தூக்கிக்கினு இறங்கியிருந்தா? — அதுவும் முடியாது. அந்த விரலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரயிலடி வரை ஜெயவேலு பெட்டியைத் தூக்கி வந்தார். "என்னை விடுதலை பண்ண வெச்சது நீ. துட்டு எனக்குக் கொடுத்தாங்க. செய்யாத தப்புக்கு மன்னிச்சது வேற. ஒரே பேஜாரா கீது" என்றார். பாதியைத் தருகிறேன் என்றார். பாதி விடுதியில் யார் படுப்பது? வேண்டாம் என்றேன். இருவருக்கும் அழுகை வந்தது, ரயில் வந்ததால் பிழைத்தோம்.

14 ஜூன், பனையூர்

நெத்திலி காயவைத்தேன்.

17 ஜூன்

நெத்திலி.

25 ஜூன்

நடந்ததையெல்லாம் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அது மறுநாளிலிருந்து கடலில் ஒவ்வொரு கட்டுமரத்திலும் இதையே சொல்லிச் சிரித்திருக்கிறது. "கோட்டு போட்ட ஆளு, பண்ணையாரு எங்கன்னு கேட்டா முழிச்சுக்கினு நிக்கிறாம்பா."

எங்கள் குப்பத்துக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வலை காயப்போடும் மணலைப் பட்டணத்துக்காரர் ஒருவர் பங்களாவுக்கு என்று வேலி போட்டு வளைத்துவிட்டார். செங்கல்பட்டு வக்கீல் ஒவ்வொரு தடவையும் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு வாய்தா வாங்கித் தருகிறார். நேற்று பஞ்சாயத்து கூடியபோது அண்ணன் எழுந்து, பிடிக்கிற மீனில் கோயிலுக்கு ஒதுக்கும் பங்கிலிருந்து என் விடுதிச் செலவைக் கட்டச் சொல்லிக் கேட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். இதுவரை எந்தப் பொம்பளையையும் கூப்பிட்டதில்லை. வலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் என்னைக் கேள்வியே கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஒன்று பாக்கி வந்துவிடுமே. பக்கத்தில் ஒருவர் "நீ எத்தினி வருசம்—" என்று ஆரம்பித்ததும் நாட்டார் அந்த ஆளின் தொடையைத் தட்டி அடக்கினார். பிறகு கடலைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் தீர்ப்பாகவே சொன்னார்.

"படிக்கட்டும். ஊர் கட்டும். வேலி கேஸை அது பாக்கட்டும். ஆனா வக்கீலானப்புறம் இந்தப் பஞ்சாயத்துல வந்து நின்னு நம்மளை ஒண்ணும் கேக்கக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா தலையை ஆட்டட்டும்."

தலையை ஆட்டினேன். அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டது. சாயங்காலம் அதுவே போய் எனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தது.

நான் தலையாட்டியதை எழுதிக் கையெழுத்து வாங்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல வேளை, ஊரில் இன்னும் யாரும் சட்டம் படிக்கவில்லை.