ஏணியோடு போன வேன்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி சுகம்.

இது என் கையெழுத்துதான். எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் நீ சிரிப்பாய் என்று பயம். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, நீயே வாசி. போனில் ஏணி என்ற பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துத்தானே ஆக வேண்டும்?

"நீங்க ஏணிய விட்டு எறங்குற வரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனாய். மூன்று மாதம் ஆகிறது. நான் இறங்கவில்லை. உன் பிடிவாதத்துக்கு என் பிடிவாதம் குறைந்ததா என்ன?

இப்போது உன் மகன் செய்ததைக் கேள். ஜன்னல் துடைக்கும் வேலை போதாது என்று அதே வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான். காலையில் பிள்ளைகள். பிறகு சீட்டை மடக்கி வாளி, துடைப்பான், ஏணி. மூன்று மணிக்கு அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி பிள்ளைகள். வாளித் தண்ணீர் சீட்டில், சீட்டு ஈரம் பிள்ளைகளின் சீருடையில். தாய்மார்கள் தினம் போன் போட்டுத் திட்டுகிறார்கள். பிள்ளைகள் வேன் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துப் படம் வரைகிறார்கள். ஊர் ஜன்னலைத் துடைக்கிறவன் வண்டியில் பதிமூன்று மூக்கு அச்சு! சொன்னால், "பாத்துக்கலாம்பா, விடுங்க" என்கிறான். எதற்கெடுத்தாலும் அந்த ஒரு பதில்தான்.

போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் வீட்டு மாடி ஜன்னல். டாக்டர் பூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். நான் ஏணியில் ஏறி, சன்ஷேடில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். மகனுக்குப் பள்ளி மணி ஞாபகம் வந்துவிட்டது. பரபரவென்று வாளியை எடுத்தான், ஏணியைச் சுருக்கி வண்டி மேலே கட்டினான், வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் கத்தினேன், வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. என் போன் வேனுக்குள்.

தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர்களும் சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். செருப்புக் கடைக்காரர் மட்டும் நின்று, "பெரியவரே, அந்த மூலைல ஒரு கறை இருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போனார். என்ன சொல்வது, நீயே சொல்.

வேறு வேலை இல்லாததால் தெருவில் இருந்த பெயர்ப் பலகைகளை எல்லாம் வாசித்தேன். எழுத்து எழுத்தாய்க் கூட்டி, ஒன்று விடாமல். எதிர்க் கடையை மருந்துக் கடை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பூச்சி மருந்துக் கடையாம்! ஒரு முறை அங்கே போய் இருமலுக்கு மருந்து கேட்டிருக்கிறேன். தனியாக நின்று சிரித்தேன். சன்ஷேடில் நிற்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

உன் மகன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், என்னைக் காணோம் என்று போன் போட்டிருக்கிறான். மணி வேனுக்குள் அடித்திருக்கிறது. அப்போதுதான் உறைத்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஓடிவந்து, கீழே நின்றபடி, "ஏம்பா ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று என்னையே கேட்டான்.

திட்டுவதை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கப் போனேன். ஏணியைச் சாய்த்துவிட்டான், என் கால் முதல் படியைத் தேடுகிறது, அகப்படவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் என் முகம். நன்றாகத் துடைத்திருந்தேன், ஒன்று விடாமல் தெரிந்தது. உதடு வெளுத்து, கன்னம் நடுங்குகிறது. நான் ஏறும்போதெல்லாம் கீழே நின்று நீ பார்த்த முகம் இதுதானா? மகன் ஏறிவந்து என் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தான்.

இறங்கும்போது சுவரில் எழுதியிருந்ததையும் வாசித்தேன். "இங்கே எதையும் சாய்க்காதீர்கள்." எத்தனை வருஷமாக இருக்கிறதோ!

பிள்ளைகளோடு வேனில் ஒரு பெரியவர் கட்டாயம் உட்கார வேண்டும், பெயர்ப் பட்டியல் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மகன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பட்டியலை வாங்கி, பதிமூன்று பெயரையும் உரக்க வாசித்துக் காட்டினேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூன்று நாளாக அதுதான் என் வேலை. ஒரு பிள்ளையும் ஒழுங்காக உட்காருவதில்லை. ஒருத்தி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொள்கிறாள். உயிர் போகிறது. ஆனால் காலுக்குக் கீழே எப்போதும் வேனின் தரை இருக்கிறது.

ஏணியில் இனி ஏற மாட்டேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதினேன்.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று ஒரு வரி எழுது, நானே வாசித்துக்கொள்வேன். மூன்று மணிக்குள் வந்தால் நம் வேனில் வாளிகளோடு உட்கார்ந்து வரலாம், பிந்தினால் பிள்ளைகளோடு. எதற்கும் இருக்கட்டும் என்று பட்டியலில் பதினான்காவதாக உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். தினமும் எல்லோருக்கும் டிக் போட்டு முடித்த பிறகு, அந்த ஓர் இடம் மட்டும் காலியாக நிற்கிறது.

இப்படிக்கு,
தரையில் நிற்கும்
உன் வீட்டுக்காரன்