அழித்தாலும் வரும் ‘நான்தான்’

டேய் கார்த்தி, என் செல்ல மச்சி,

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணி. உன் லேப்டாப்பிலிருந்து உன்னை நாலாவது முறையாக அழித்தேன். ஆன் செய்தால் மறுபடி வந்து நிற்கிறாய்.

விஷயம் இதுதான். நீ போய்ச் சேர்ந்த பிறகு அலமாரியில் கிடந்த அந்த லேப்டாப்பை, ஆன்லைனில் இந்தி டியூஷன் எடுக்க உன் அம்மா கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. ரிச்சி தெருவில் புது டிஸ்க் வாங்கிப் போட்டு, தி. நகரில் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, மெஷினை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளை ஏற்றினேன். ஆன் செய்ததும் கறுப்புத் திரை. நடுவில் ஆங்கில எழுத்தில் ‘நான்தான்’. அதன் கீழே: கிடைக்கவில்லை, ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்.

காலேஜில் நீ லினக்ஸ் போட்டபோது, மெஷின் ஆன் ஆனதும் எதைத் திறப்பது என்று பார்க்கும் பூட் மெனுவில் அதற்கு வைத்த பெயர் அது. காலிங் பெல் அடித்துவிட்டு, ‘யாரு?’ என்றால் நீ கத்துவது. அந்தப் பெயர் டிஸ்கில் இல்லை, மதர்போர்டுக்குள் இருக்கிறது. அதனால் டிஸ்க் மாறியும் மெஷின் முதலில் உன்னைத்தான் தேடுகிறது. யாராவது ஒரு கீயைத் தட்டினால்தான் புதிய லினக்ஸுக்கு வருகிறது.

ஒரு வரி கமாண்ட், அழித்துவிடலாம் என்றேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்பா. ஒரு பட்டன்தானே, நான் அமுக்கிக்கறேன்” என்றார்கள் அம்மா. விட்டுவிட்டேன்.

போன வாரம் உன் தங்கை தீபா போன் செய்தாள். “அண்ணா, உன் லினக்ஸைக் கொண்டுபோய் அடையாறு ஆத்துல போடு.” அவள் வாய் மாறவே இல்லை. பிறகு குரல் இறங்கியது. “அம்மா கிளாஸே எடுக்கறதில்லண்ணா. ஆன் பண்றாங்க. அந்தப் பேர் வந்ததும், ‘வாடா, கதவு தொறந்துதான் இருக்கு’ன்றாங்க. பட்டனை அமுக்கறதே இல்ல. ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன். பசங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க.”

அதற்காகத்தான் இன்று வந்தேன். நீ திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். மதர்போர்டின் உள்மென்பொருளில் கோளாறு. அழித்ததைத் தானே மறுபடி எழுதிக்கொள்கிறது. தெரிந்தும் ஐந்தாவது முறை எண்டர் தட்ட விரல் வரவில்லை. நீதானாடா? கேனத்தனமான கேள்வி. ஆனால் கேட்டேன்.

பின்னால் நின்ற அம்மா சிரித்தார்கள். “சொன்னேன்ல பிரபு, அவன் போகமாட்டான்.”

“அது பக்மா, மெஷின் கோளாறு.”

“இருக்கட்டுமே. உனக்கு பக்கு, எனக்குப் பையன்.”

தீபா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீயாக இருந்தால் இதைச் சரிசெய்வாயா, அப்படியே விடுவாயா?

இனி நான் செய்யப்போவது:

1. உள்மென்பொருளின் புதிய பதிப்பை இன்றே இறக்கி வைப்பேன். அதை ஏற்றினால் நீ மொத்தமாகப் போய்விடுவாய்.

2. அம்மா தூங்கும்போது ஏற்றிவிடச் சொல்கிறாள் தீபா. மாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

3. வேண்டாம் என்றால் அடுத்த ஞாயிறு வந்து கேட்பேன். அதற்கடுத்த ஞாயிறும்.

4. அதை ஏற்ற அம்மாவே எண்டர் தட்டும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மெஷின் யாரையும் தேடாமல் நேராகத் திறக்கும்.

உன் மச்சி,
பிரபு