பூஜ்யத்தில் வைத்தாலும்

மார்ச் 4

கடைசல் மெஷினின் டிசி மோட்டாருக்குப் புது வேகக் கட்டுப்பாட்டு போர்டு வந்துவிட்டது. உள்ளங்கை அளவுதான். பழையது கரன்டு வந்தவுடன் ஒரே குதியில் கிளம்பிவிடும் ரகம். அதைக் கழற்றுவதற்குள் மெயின் அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன்னால் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவள் நான். கரன்டுக்குப் பயந்ததே இல்லை.

இது அந்தப் பயம் இல்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சதுரங்கக் காய் கடைந்துகொண்டிருந்தார். கரன்டு போனது. நின்றுவிட்ட மெஷினிலிருந்து கட்டையைக் கழற்றக் கை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரன்டு வந்தது. சட்டைக் கையைச் சுருட்டி இழுத்துக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அலறல் கேட்டு நான் ஓடி வந்தபோதும் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

மார்ச் 5

நாத்தனார் வந்திருந்தாள். பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. "அண்ணி, வித்துத் தொலைங்க. ரத்த ருசி பார்த்த மெஷின் அது."

"மெஷினுக்கு ஏதுடி ருசி?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு திரும்பி அதைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

விற்றுவிட்டு என்ன செய்வது? பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய காய்கள் பாதியில் கிடக்கின்றன. எங்களுக்கு வேறு தொழில் தெரியாது.

மார்ச் 7

வயரிங் முடிந்தது. முதலில் லைனுக்கு நடுவில் ஒரு சீரியல் பல்பைச் சேர்த்துச் சோதித்தேன், ஷார்ட் இல்லை. வேகக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து சுவிட்சைப் போட்டேன்.

கட்டை மாட்டும் ஸ்பிண்டில் சுற்றியது.

மெதுவாக. யாரோ விரலால் தள்ளிவிடுவது போல. குமிழைத் தொட்டுப் பார்த்தேன் – பூஜ்யத்தில்தான் இருக்கிறது. அணைத்துவிட்டுப் போட்டேன். மறுபடியும் அதே.

அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 8

காரணம் எனக்குத் தெரியும். போர்டில் குறைந்தபட்ச வேகத்துக்கென்று ஒரு குட்டித் திருகு உண்டு. அது கூடுதலாக இருந்தால் பூஜ்யத்திலும் மோட்டார் ஊரும். பேயுமில்லை, பிசாசுமில்லை.

அப்புறம் எதுக்குடி நேத்து ராத்திரி பட்டறைக் கதவை வெளியில பூட்டின? என்னையே கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். யார் உள்ளே போகக் கூடாது என்று? எது வெளியே வரக் கூடாது என்று?

மார்ச் 10

குட்டித் திருகை இடப்பக்கம் திருப்பத் திருப்ப, ஸ்பிண்டில் தளர்ந்து நின்றது. அப்பாடா.

பிறகு கட்டையை மாட்டி உளி கொடுத்தேன். வேகம் விழுந்தது. போர்டில் பளுவை ஈடுகட்டும் இன்னொரு திருகைக் கூட்டினேன். ரொம்பக் கூட்டிவிட்டேன் போலிருக்கிறது. மோட்டார் ஏறி இறங்கி, ஏறி இறங்கி – மூச்சு வாங்குகிற மாதிரி. அன்றைக்குத் தரையில் கிடந்து அவர் வாங்கிய மூச்சு. ஐயோ, அதே மூச்சுதான்.

அணைக்க வேண்டியதுதானே? கை போகல. நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

"அதிகமா வச்சிருக்க. கொஞ்சம் குறைச்சு விடு" – பின்னாலிருந்து அவர் குரல். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறார்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"ரெண்டு விரலுக்கு நகம் வெட்டுற வேலை மிச்சம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

குறைத்தேன். சீராக ஓடுகிறது.

மார்ச் 13

பச்சை, சிவப்புப் பொத்தான்களும் ஒரு கான்டாக்டரும் சேர்த்தேன். கரன்டு போனால் கான்டாக்டர் மோட்டாரின் இணைப்பைத் துண்டித்துவிடும். திரும்பி வந்தாலும், பச்சையை அழுத்தாமல் மோட்டார் கிளம்பாது.

மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கிளம்பவில்லை. நம்பிக்கை வரவில்லை. மறுபடி. மறுபடி.

"சுவிட்சு தேஞ்சு போயிடும்மா" என்றார்.

மார்ச் 17

இன்று நிஜமாகவே கரன்டு போனது. அவர் இடது கையில் உளியைப் பிடித்து, வலது கையைத் தாங்கல் கொடுத்துக் கடைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில். ஸ்பிண்டில் ஓடி ஓய்ந்தது. அவர் காயைக் கழற்றக் கையை நீட்டினார். வேணாம்னு கத்தணும். 

கரன்டு வந்தது. விளக்கு எரிந்தது. மெஷின் அசையவில்லை. காயை நிதானமாகக் கழற்றி, "ராணிக்கு இடுப்பு பெருத்துப் போச்சு, பாரேன்" என்று திரும்பினாராம்.

நான் அங்கே இல்லை. தெருவில், காலில் செருப்பில்லாமல், எதிர்வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

தேடிக்கொண்டு வந்தவர் என் செருப்பைக் காலருகே வைத்தார். அப்புறம், "இத்தனை நாளும் பயம் எனக்குன்னா நினைச்சிக்கிட்டிருந்த?" என்றார்.

மார்ச் 18

பட்டறைக்குள் போகவில்லை.

ஏப்ரல் 2

பள்ளிக்கூடத்துக் காய்களை ஒப்படைத்தாயிற்று. அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது. கடைவது அவர். முன்னறையில் உட்கார்ந்து மெருகு போடுவது நான். நடுவில் ஒரு சுவர்.

மோட்டார் ஓடும்வரை ஒன்றுமில்லை. அது நிற்கும்போது என் கையும் நின்றுவிடுகிறது. அடுத்த சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நான் இதை அவரிடம் சொன்னதில்லை.

இந்த வாரமாக, சிவப்பை அழுத்துவதற்கு முன்னால், "நிறுத்தப் போறேன்மா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார்.

"ம்" என்கிறேன்.