சம்மதம் இல்லை என்று சொன்ன செவ்வாய்க்கிழமை

இன்று காலை நம் செண்டாயான் ரப்பர் சோதனைக்கூடத்தில் கட்டிப்பால் மூட்டையைப் பிரித்தோம். கோப்பையில் உறைந்த ரப்பர் பாலின் அந்த நாற்றம் கூடம் முழுக்க ஏறியது. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் வெளியே ஓடிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசையில் நீ இன்னும் இருந்திருந்தால், "எங்க அண்ணன் போடுற சென்ட்லா இது" என்றிருப்பாய். மூட்டை அவர் அனுப்பியதுதான். ஏன் அனுப்பினார் என்று உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பல வருஷங்களுக்கு முன் நம் கூடத்துக்கு அந்தத் தடித்த கடிதம் வந்த நாளை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. ரப்பருக்கான தர விதிகளை எழுதும் உலகக் குழு அனுப்பியது. பல சிறுதோட்டங்களின் ரப்பரை ஒன்றாகக் கலந்து விற்கக் கூடாது என்றது. "இத என்ன செய்றது?" என்று கேட்டாய். நான் பெரிய மேதாவி மாதிரி, "ஆர்டர் வந்திருச்சுலா, ஃபைல்ல போடு" என்றேன். எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் நாம். மேலேயிருந்து தாள் வந்தால் அது உத்தரவு. அது வெறும் வரைவு, மூன்று மாதத்தில் மறுப்பு வராவிட்டால் நாம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்ததை, விதி அமலான பிறகுதான் படித்தோம்.

கோலா பிலாவில் அறுபது வீட்டுக் கட்டிப்பாலைச் சேர்த்து விற்றுவந்த உன் அண்ணன் கொட்டகையைப் பூட்டினார். "நாம வாய மூடிக்கிட்டு இருந்தோம், அவங்க சரின்னு எழுதிக்கிட்டாங்க" என்றாய். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அதன்பின் சாகும்வரை வருஷா வருஷம் மறுப்புக் கடிதம் எழுதினாய். "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று ஒரு வரி வரும்.

அந்த விதியை நீட்டிக்கத்தான் போன செவ்வாய்க்கிழமை காணொளிக் கூட்டம். முன்பெல்லாம் வாங்கும் பணக்கார நாடுகள் மட்டுமே பேசிய குழு அது. இப்போது இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், வியட்நாம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பரை அதிகம் வாங்கும் சீனாவும் அங்கேதான். "மறுப்பு உண்டா?" என்று தலைவர் கேட்டார். மலேசியா சார்பில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். "மலேசியாவுக்குச் சம்மதம் இல்லை" என்றேன். அறுபது வீட்டுக் கதையைச் சொன்னேன். உடனே இந்தோனேசியா, "எங்களுக்கும் இல்லை" என்றது. பிரேசில்காரி தன் ஊர்க் கொட்டகைகளைப் பற்றியே பேச ஆரம்பித்தாள். அப்புறம் இந்தியா. சீனாவும் சேர்ந்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேசைக்கடியில் காலை உதறிக்கொண்டிருந்தேன், அத்தனை சந்தோஷம்.

விதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். கலந்த ரப்பரைச் சோதித்துப் புதிய வரைவை எழுதும் பொறுப்பு நம் கூடத்துக்கு வந்திருக்கிறது. பிணக்கு முடியவில்லை, தெரியும். வாங்குகிற மற்ற நாடுகள் விட்டுக்கொடுக்காது. ஆனால் பேனா நம் கையில் இருக்கிறது.

வரைவை முதலில் கோலா பிலாவுக்குத்தான் கொண்டுபோகிறேன். உன் அண்ணனிடம் போனில் சொன்னேன். "நீங்க எழுதினா சரிதாம்மா, எங்கள எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். அறுபது வீட்டுக்கும் நானே நடந்துபோய்ப் படித்துக் காட்டுவேன். யாராவது பேசாமல் இருந்தால், அந்த வீட்டுக்கு மறுபடியும் போவேன்.